உருக்கிய ஸ்டெம் செல்களில் பாதி இறந்துபோவது ஏன்?

உறைய வைத்த ஸ்டெம் செல் மாதிரியை உருக்கி எண்ணினால் உயிருள்ளவை 55 சதவீதம்தான் வருகிறது, என் கை சரியில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். கையைக் குறை சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

உருக்கிய குழாயை ஓரமாக வைத்துவிட்டு, பதிவேடு எழுதி முடித்து, அரை மணி கழித்து எண்ணியதாகச் சொல்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். உறையும்போது செல்லைப் பனிப்படிகத்திலிருந்து காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவம், உருகியபின் அறை வெப்பத்தில் அதே செல்லுக்கு நஞ்சு. 37 டிகிரி நீரில் குழாயை மெல்லச் சுழற்றுங்கள். சுண்டுவிரல் நகமளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஆல்புமின் என்ற புரதம் கலந்த டெக்ஸ்ட்ரான் (ஒரு வகைச் சர்க்கரைச் சேர்மம்) கரைசலைத் துளித்துளியாக விட்டு நீர்க்கச் செய்யுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் ஊதி வெடிக்கும். (ஆரம்பத்தில் நானும் ஊற்றியவன்தான்.) அடியில் சளிபோல நூல் நூலாகத் திரண்டால், அது இறந்த செல்கள் கக்கிய டிஎன்ஏ.

இன்னொன்று, இறந்த செல்லை நீலமாக்கிக் காட்டும் டிரிபான் நீலச் சாயம் எல்லா வகைச் செல்களையும் ஒன்றாகவே பார்க்கும். உறைபனியைத் தாங்காமல் முதலில் சாவது கிரானுலோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள். நோயாளிக்குச் செலுத்தும் ஸ்டெம் செல் ஒட்டுக்குத் தேவையானவை அவை அல்ல. செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில், சிடி34 என்ற அடையாளப் புரதம் கொண்ட ஸ்டெம் செல்களை மட்டும், இறந்தவற்றில் ஏறும் 7-ஏஏடி சாயத்துடன் பாருங்கள், எண் நன்றாகவே உயரக்கூடும்.

அதிலும் உயரவில்லையென்றால், உறைய வைத்த நாளின் வெப்பநிலை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் இறங்கியிருக்க வேண்டும். கோணலாக இருந்தால் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லுங்கள். ஒட்டுக்கு முன் நோயாளியின் எலும்பு மஜ்ஜையையே அழிக்கும் கடும் கீமோதெரபி தொடங்கியபின் சொல்லிப் பயனில்லை.