கேன்சர் இல்லை, ஆனால் நுரையீரல் ஆபரேஷன் ஆகியிருக்கிறது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, "நல்லவேளை, கேன்சர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்றுதான் தொடங்குகின்றன. அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நிம்மதியிலேயே மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களையும் நான் நிறையப் பார்க்கிறேன். சாதாரணக் கட்டியோ, பழைய சீழோ, காற்றுக் கசிவோ, எதற்காக நெஞ்சைத் திறந்திருந்தாலும் விலாவும் நரம்பும் ஆறுவதற்கு அதற்கான காலம் எடுக்கத்தான் செய்யும். அதற்கப்புறம் என்ன கவனிப்பு வேண்டும் என்பது, எந்த நோய்க்காக ஆபரேஷன் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

நுண்துளை அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. தழும்பு நன்றாக ஆறிவிட்டது. ஆனால் மார்புக்குக் கீழே முன்பக்கம் மரத்துப்போயிருக்கிறது, சட்டை உரசினாலே எரிகிறது. உள்ளே ஏதாவது தவறாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு முதுகிலிருந்து முன்பக்கம் வரை ஓடுகிறது. துளை சிறியதாக இருந்தாலும் கருவி இரண்டு விலாக்களுக்கு நடுவேதான் நுழைந்தாக வேண்டும். அப்போது அந்த நரம்பு நசுங்குகிறது. தழும்பு பக்கவாட்டில் இருக்க, எரிச்சல் முன்பக்கம் தெரிவது இதனால்தான். சிலருக்கு அந்தப் பக்கத்து மேல்வயிறு லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், அதுவும் இதே நரம்பு வேலைதான்.

அடிபட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். அதனால் சில மாதங்கள் பொறுக்க வேண்டியிருக்கும். இந்த எரிச்சலுக்கு வழக்கமான வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் உதவும். குறைந்த அளவில் தொடங்குவார்கள், முதலில் தூக்கம் வரும், வலி குறைந்துவிட்டதே என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் வலி நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். "உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் போய்ச் சொல்வதா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தங்கும். தோளையும் அசைக்காமல் வைத்தால் அது இறுகிவிடும். அதனால் ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கையைத் தினமும் தலைக்கு மேல் வரை தூக்கிப் பழகுங்கள்.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த, மூன்று பந்து இருக்கும் கருவியை எத்தனை முறை ஊத வேண்டும்? அம்மா ஊதும்போது பந்து அசையவே இல்லை.

அது ஊதும் கருவி இல்லை. வாயில் வைத்து உள்ளே இழுக்க வேண்டும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது, அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, பிறகு மெதுவாக இழுத்துச் சில விநாடி பிடித்து வைக்க வேண்டும். மூன்று பந்தையும் ஒரே வேகத்தில் மேலே எறிவதைவிட, ஒன்றிரண்டு பந்தை நிதானமாக மேலேயே நிறுத்துவது நல்லது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை என்பது பொதுவான கணக்கு. தலை சுற்றினால் இடைவெளி விடலாம். இருமும்போது தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

அப்பாவின் நுரையீரலில் ஒரு மடலை, அதாவது ஒரு பெரிய பகுதியை, எடுத்தார்கள். பயாப்ஸியில் கேன்சர் இல்லை, 'கிரானுலோமா' என்று வந்திருக்கிறது. இனி மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். கிரானுலோமா என்பது நோயின் பெயர் இல்லை. உடல் எதையோ எதிர்த்துப் போராடியதன் தடயம் அது. காசநோயாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், சார்காய்டோசிஸ் (கிருமி இல்லாமலே வரும் ஒரு அழற்சி நோய்) போன்ற வேறு காரணமும் இருக்கலாம். எடுத்த திசுவைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினார்களா என்று கேளுங்கள். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளரும், திரவ ஊடகத்தில் 6 வாரம், திட ஊடகத்தில் 8 வாரம் வரை பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுதுவார்கள். அதாவது டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்த ரிப்போர்ட் பெரும்பாலும் கையில் இருக்காது. யாராவது போய் வாங்கி டாக்டரிடம் காட்டினால்தான் உண்டு. திசு முழுவதையும் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம், கிருமியைக் கொன்றுவிடும்) போட்டிருந்தால் கல்ச்சர் செய்ய முடியாது. அப்படியானால் வேறு பரிசோதனைகள் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசநோய் என்று உறுதியானால், பாதித்த மடலை எடுத்துவிட்டார்களே என்று விட முடியாது, மாத்திரை முழுக் காலமும் வேண்டும். ஹைடாட்டிட் நீர்க்கட்டி (ஒரு வகை நாடாப்புழுவால் வருவது) என்றால் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்து பெரும்பாலும் தொடரும், கல்லீரலையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் விரிவு நோய்க்காக எடுத்திருந்தால் மீதமுள்ள பகுதியில் சளி தேங்காமல் தினமும் வெளியேற்றும் பயிற்சி நீடிக்க வேண்டும். முழுதாக எடுத்த ஹமார்டோமா என்ற சாதாரணக் கட்டி என்றால் வருடா வருடம் சி.டி. பொதுவாகத் தேவைப்படாது. பாருங்கள், எல்லாமே 'கேன்சர் இல்லை'தான். ஆனால் நான்கு பேருக்கும் நான்கு வழி. ரிப்போர்ட்டின் நகல் ஒன்று எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

நெஞ்சிலிருந்து காற்றையும் நீரையும் வெளியேற்றும் டிரெயின் குழாயும் பாட்டிலுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குமிழி வருவதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

நுரையீரலில் இருந்து இன்னும் கொஞ்சம் காற்று கசிகிறது, அது குழாய் வழியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். வெளியேறுவது நல்லதுதான். மூச்சுக்கு ஏற்பத் தண்ணீர் ஏறி இறங்குவதும் இயல்பு. பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். குமிழி வரும் குழாயை ஒருபோதும் கிளிப் போட்டு அடைக்காதீர்கள், காற்று உள்ளேயே சேர்ந்து நுரையீரலை அழுத்திவிடும். குழாய் மொத்தமாக வெளியே வந்துவிட்டால் சுத்தமான டிரெஸ்ஸிங் துணியை வைத்து மூன்று பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நுரையீரலில் காற்றுக் கசிவுக்காக ஆபரேஷன் ஆனது. வயது 24. எப்போது விமானத்தில் போகலாம்? ஸ்கூபா டைவிங் செய்யலாமா?

பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல வரை குறையலாம். நெஞ்சுக்குள் சிக்கிய காற்று இருந்தால் அது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். அதனால் நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியாகி, அதற்கப்புறம் குறைந்தது 7 நாளாவது போகட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பல சர்ஜன்கள் இன்னும் சில வாரம் கேட்பார்கள், உங்கள் சர்ஜன் சொல்வதுதான் கணக்கு. டைவிங்கை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, மேலே வரும்போது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று அத்தனையும் விரியும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆபரேஷன் செய்யாத மறுபக்கத்துக்கும் அதே ஆபத்து இருக்கிறது.

எனக்கு நெஞ்சுக்குள் வலப்பக்கம் இரண்டாவது முறையாக இப்படிக் கசிந்த காற்று சேர்ந்தது. இரண்டு முறையும் மாதவிடாய் நாட்களில். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். தயவுசெய்து சொல்லுங்கள். கருப்பை உள்படலத் திசு உதரவிதானத்திலும் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) நுரையீரல் உறையிலும் ஒட்டி வளர்வது உண்டு. அப்போது மாதவிடாய் தொடங்கிய மூன்று நாளுக்குள், பெரும்பாலும் வலப்பக்கம், காற்று சேரும். உதரவிதானத்தில் சிறு ஓட்டைகள் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துச் சரிசெய்வதும், பிறகு ஹார்மோன் சிகிச்சையும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்தால்தான் திரும்ப வருவதைத் தடுக்க முடியும். நீங்கள் தேதி சொல்லாவிட்டால் சர்ஜன் அந்த இடத்தைத் தேடாமல் போக வாய்ப்பு உண்டு.

நெஞ்சுக்குள் 'களக் களக்' என்று தண்ணீர் சத்தம் கேட்கிறது. எதற்கெல்லாம் அவசரமாக ஓட வேண்டும்?

எடுத்த மடலின் இடத்தில் சில வாரங்கள் திரவமும் காற்றும் இருக்கும், அசைந்தால் சத்தம் வரும். மெல்ல மறையும். ஆனால் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், நாற்றமடிக்கும் சளி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், இருமலில் ரத்தம், கழுத்துத் தோலைத் தொட்டால் நொறுநொறுவென்ற உணர்வு, இவற்றில் எதுவானாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். முக்கியமாக, ஒரு பக்கம் சாய்ந்தவுடன் வாய் நிறைய ரத்தம் கலந்த தண்ணீர் இருமலில் வந்தால், ஆபரேஷன் நடந்த பக்கம் கீழே இருக்கும்படி சாய்ந்துகொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சுக்குழாய் தைத்த இடம் விட்டிருக்கலாம், அந்தத் திரவம் நல்ல நுரையீரலுக்குள் இறங்கக் கூடாது.