தலையாட்டினால் சம்மதமா?

வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மறைந்த உங்கள் நண்பரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்பை வாசித்தேன். மூளை முடக்குவாதத்தோடு வாழ்ந்த ஒருவரை 'வாய்த்துடுக்குக்காரர்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சற்று உறுத்தியது. அந்தச் சிரிப்பு வேதனையை மறைக்கும் முகமூடியாக இருந்திருக்காதா?

என் மகனுக்கும் அதே பாதிப்பு. ஒன்பது வயது, சக்கர நாற்காலி. அவன் பேச்சு பழகியவர்களுக்குத்தான் புரியும். சென்ற வாரம் ஆசிரியை வகுப்பில், "நான் திரும்பி வரும்வரை யாரும் எழுந்து ஓடக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். இவன், "முயற்சி செய்கிறேன், மிஸ்" என்றானாம். அவர் கண்கலங்கிவிட்டார். கேட்டு நானும் அழுதேன்.

அவனுக்குப் பேசும் கருவி ஒன்று வாங்க இருக்கிறோம். அதில் முதலில் எந்தச் சொற்களைச் சேர்க்கலாம்?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னது முதல்தரமான நகைச்சுவை. சுருக்கமானது, இடம் தவறாதது, எதிரில் இருப்பவர் யோசிக்காமல் சொன்னதை அவரிடமே திருப்பிக் கொடுப்பது. அதற்குப் பெரியவர்கள் இருவர் அழுதிருக்கிறீர்கள். அவனுக்கு வாய்த்தது மோசமான சபை.

முகமூடி என்ற ஐயம் நண்பரை அறிந்த வேறு சிலருக்கும் இருந்தது. எனக்கு இல்லை. வேதனையை மறைக்க வேடிக்கை பேசுகிறவர் பெரும்பாலும் தன்னையே கேலிசெய்துகொள்வார். பிறர் சங்கடப்படுவதற்குள் முந்திக்கொள்வார். இவர் தன் உடலைப் பற்றிக் கேலி பேசியது அரிது. வலித்தால், "வலிக்கிறது, போய்விட்டுப் பிறகு வாருங்கள்" என்பார். அவர் குறி வைத்தது அவர் முன் தடுமாறும் நம்மை.

மருத்துவமனைப் பதிவு மேசையில் இருந்தவர் ஒருமுறை அவரை விட்டுவிட்டு என்னிடம், "இவருக்கு என்ன வயது?" என்று கேட்டார். பதில் சக்கர நாற்காலியிலிருந்து வந்தது: "எனக்கு முப்பத்தொன்று. அவருக்கு ஐம்பத்து மூன்று. நாற்பத்தெட்டு என்று சொல்வார், நம்பாதீர்கள்." இன்னொரு நாள் ஓர் இலக்கியக் கூட்டம். அவர் தலை தானாக அசைந்துகொண்டே இருக்கும். பேச்சாளர் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு, அவரைப் பார்த்தே பேசிப் பூரித்துப்போனார். முடிந்ததும் நண்பர் சொன்னார்: "சம்மதித்தது என் தலை. என்னை யாரும் கேட்கவில்லை."

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்புக்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த சில காலத்திலோ ஏற்படும் சேதத்தால் வருவது மூளை முடக்குவாதம் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு இருந்தது தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும் வகை. தூக்கத்தில் அடங்கும், பரபரப்பில் கூடும். ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று முனையும்போதுதான் நாக்கும் தாடையும் அதிகம் இறுகும். நகைச்சுவையாளருக்கு இதைவிடக் கொடிய இடையூறு உண்டா? சிரிக்கவைக்கும் சொல் நெருங்க நெருங்க உற்சாகம் ஏறும். ஏற ஏற வாய் பூட்டிக்கொள்ளும். அதற்குள் நல்ல மனம் படைத்த யாராவது வாக்கியத்தை முடித்துவைத்துவிடுவார்கள்.

அந்த இடைவெளியை அவர் பொறியாக்கிக்கொண்டார். "கடவுள் எனக்குக் கொடுத்த..." என்று தொடங்கி நிறுத்துவார். ஆறுதல் சொல்ல வந்தவர் "சோதனை" என்று எடுத்துக்கொடுப்பார். இவர் கண்ணைச் சுருக்குவார், இல்லை என்று பொருள். "தண்டனையா?" இல்லை. "வரமா?" அதுவும் இல்லை. வந்தவர் கைவசமிருந்த ஆன்மிகம் எல்லாம் தீர்ந்தபிறகு மீதி வரும்: "...பொறுமையை எல்லாம் உங்களிடமே செலவழித்துவிட்டேன்." வினைமுற்று கடைசியில் வருகிற மொழி வாய்த்தது அவர் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன்.

சிக்மண்ட் பிராய்ட், மனப்பகுப்பாய்வால் புகழ்பெறும் முன் நரம்பியல் மருத்துவராக இருந்தவர். குழந்தைகளின் மூளை முடக்குவாதம் பற்றி 1897இல் ஒரு பெரிய நூல் எழுதினார். 1905இல் நகைச்சுவை பற்றி இன்னொன்று. இந்தத் தகவலில் நண்பருக்குத் தீராத மகிழ்ச்சி. "என்னைப் பார்த்துச் சிரிப்பு வர அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கிறது" என்பார்.

எல்லாம் இந்தத் தரத்தில் இருக்கவில்லை. சிலேடைகள் சகிக்க முடியாதவை. அவற்றைத்தான் அடிக்கடி சொன்னார். சில கேலிகள் வரம்பு மீறியவை. உதவிக்கு இருந்த இளைஞர் ஒருவர் அப்படியொரு சொல்லால் புண்பட்டு விலகிப்போனார். அதை நினைத்து நண்பர் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. இரங்கல் கூட்டத்தில் இதில் எதையும் யாரும் சொல்லவில்லை. தன்னம்பிக்கையின் சிகரம், குழந்தை உள்ளம் என்றெல்லாம் பேசினார்கள். அவருக்குக் குழந்தை உள்ளம் கிடையாது. கூர்மையான, கொஞ்சம் பொல்லாத, நன்றாகப் படித்த ஆண்மகனின் உள்ளம் அது. அதனால்தான் 'வாய்த்துடுக்குக்காரர்' என்ற சொல்லை எழுதினேன், மாற்றப்போவதில்லை.

கருவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் லீ ரிட்லிக்கும் மூளை முடக்குவாதம்தான். அவரால் பேச முடியாது. டேப்லெட்டின் எந்திரக் குரலில் மேடை நகைச்சுவை நிகழ்த்தி, 2018இல் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் வென்றார். வாக்கியத்தை முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம், ஆனால் அதை எந்தக் கணத்தில் சபையில் விடுவது என்பது அவர் விரலில் இருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்தக் கணம் இப்போதே தெரிகிறது.

இத்தகைய கருவிகளில் சொற்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். தண்ணீர், பசி, வலி, கழிவறை, நன்றி என்று நிரப்பிவிடுவார்கள். அவை வேண்டியவைதான். மற்றதை அவனையே கேளுங்கள். நண்பர்களைச் சீண்ட அவனுக்குப் பட்டப்பெயர்கள் தேவைப்படும், அவன் வயதுக்குரிய ஓரிரு வசைகளும். "நான் இன்னும் முடிக்கவில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் ஒரே தட்டலில் வருமாறு அமைத்துக்கொடுங்கள். உங்களிடமும் அதைப் பயன்படுத்துவான்.

அன்புடன்.