ஷாஃப்ட் உடைந்தால் லேசர் பீனிங் செய்யலாமா?

கேள்வி: இ.என்.24 எஃகில் கடைந்த 40 மி.மீ. ஷாஃப்ட்டுகள், 6208 பேரிங் உட்காரும் படியில் அடிக்கடி உடைகின்றன. லேசர் ஷாக் பீனிங் செய்தால் உடையாது என்று கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். புது ஷாஃப்ட்டின் விலையைவிட அதிகம் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, சிப்பி ஓடு போல வளைகோடுகளோடும், மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் அது சோர்வு முறிவு; திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் மெல்ல வளர்ந்து உடைவது. பீனிங், அதாவது உலோகப் பரப்பை அடித்து அமுக்கும் வேலை, உதவுவது அதற்குத்தான். தேய்மானத்துக்கோ வளைவுக்கோ அல்ல.

அடுத்து, படியின் உள்மூலை ரேடியஸை அளந்து பாருங்கள். கூர் டூலால் கடைந்து 0.3 மி.மீ. மட்டும் இருந்தால் நோய் அங்கேதான். 6208 பேரிங்குக்கு 1 மி.மீ. வரை வைக்கலாம். அதை மீறினால் பேரிங் படியில் ஒட்டி உட்காராது. 2 மி.மீ. வேண்டுமென்றால், உள்விளிம்பைச் சரித்து வெட்டிய வளையம் ஒன்றைப் படிக்கும் பேரிங்குக்கும் இடையில் போடுங்கள். பெரும்பாலும் உடைவது இதோடு நின்றுவிடும்.

நிற்காவிட்டால், சின்னக் குண்டுமணிகளால் பரப்பை அடிக்கும் சாதாரண ஷாட் பீனிங். அது 0.1 முதல் 0.3 மி.மீ. ஆழம் வரை, விரிசலைத் திறக்கவிடாமல் நெருக்கும் அமுக்கத் தகைவு தரும். லேசர் 1 மி.மீ., அதற்கு மேலும் போகும். கல் பட்ட வடுவிலிருந்து விரிசல் கிளம்பும் இடத்தில்தான் அந்த ஆழம் தேவை. அமெரிக்காவின் பி-1பி குண்டுவீச்சு விமானத்தின் எஃப்101 எஞ்சின் விசிறி இதழ்களுக்கு 1990களில் அதைச் செய்தது அதனால்தான். உங்கள் படியில் தகைவின் உச்சம் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

அப்படியும் லேசர்தான் என்றால், கொட்டேஷனில் 'எச்.ஆர்.சி. (கடினத்தன்மை அளவு) இவ்வளவு கூடும்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர்கள் விற்பது லேசர் ஹார்டனிங். சூடாக்கிக் கடினப்படுத்தும் வேறு வேலை. உண்மையான லேசர் பீனிங்கில் பரப்பின் மேல் கருப்பு டேப், அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஓடும். சில பத்து நானோவினாடித் துடிப்பு டேப்பை ஆவியாக்க, நீர் அந்த வெடிப்பை வெளியே விடாமல் உலோகத்துக்குள் தள்ளும். டேப் கிழிந்த இடத்தில் பரப்பு உருகி இழுவிசைத் தகைவு உண்டாகும். கருகிய புள்ளி தெரிந்தால் அந்த ஷாஃப்ட்டை வாங்காதீர்கள்.

லேசர் பீனிங்குக்கான ஏ.எம்.எஸ். 2546 தரத்தின்படி செய்கிறார்களா என்று கேளுங்கள். அதே எஃகின் சோதனைத் துண்டில் எடுத்த ஆழம்–தகைவு வரைபடமும் வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் எல்லாம் முடித்த பிறகே அனுப்புங்கள். திரும்பி வந்த ஷாஃப்ட்டில் வெல்டிங் வைத்தால் கொடுத்த காசு வீண்.