பொந்து விழுந்த பழைய மரம்: வெட்டுவதா, அடைப்பதா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு முன்னால் நூறு வயதைத் தாண்டிய மரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. வெட்டிவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. முன்னாள் மாணவர்கள் நாங்கள் பொந்தை சிமென்ட் போட்டு அடைத்து, சுற்றிலும் கல்மேடை கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். எது சரி?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம்.

சிமென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு காலத்தில் மரப் பராமரிப்பாளர்களே இதைச் செய்தார்கள். மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது. இரண்டுக்கும் நடுவே இடுக்கு விழும், ஈரம் தங்கும், பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறென்ன? உளுத்ததைச் சுரண்டிச் சுத்தம் செய்வது இன்னும் மோசம். காயத்தைச் சுற்றி மரம் தானே தடுப்பு கட்டிக்கொள்கிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக்கே அறுத்துப் பார்த்து 1970களில் விளக்கினார். சுரண்டினால் அந்தத் தடுப்புதான் உடையும்.

பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. நடுவில் இருக்கும் வைரம், அதாவது கெட்டியான உள்கட்டை, செத்த கட்டை. தண்ணீரை மேலே ஏற்றுவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி. உள்ளே வெறுமையான குழாய் நிற்பதில்லையா, அப்படித்தான். அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும் என்பது துறையில் ஒரு கைக்கணக்கு. ஆனால் ஆள் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தால் அந்தக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. ஒலியலை அனுப்பி உள்ளே எவ்வளவு உளுத்திருக்கிறது என்று படம் எடுக்கும் கருவி உண்டு. அந்தப் படம் கைக்கு வருமுன் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டாம்.

எனக்குப் பொந்தைவிடக் கவலை தருவது, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி: “அடியில் தட்டுத்தட்டாகக் காளான் வருகிறது.” அடிமரமும் வேரும் சேரும் இடத்தில் காளான் வந்தால், வேர் உளுக்க ஆரம்பித்திருக்கலாம். தழை பச்சைப்பசேலென்று இருக்கும்போதே அப்படிப்பட்ட மரம் சாய்ந்துவிடும். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். நல்ல கட்டை ‘டக்’ என்று சொல்லும், உளுத்தது ‘தொம்’ என்று சொல்லும். இது முதல் சோதனைதான், முடிவல்ல. பலத்த காற்றுக்கு மறுநாள் ஒரு பக்கம் மண் வெடித்திருந்தாலோ, புதிதாகச் சாய்வு தெரிந்தாலோ, அன்றே கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கல்மேடை. உங்கள் நல்ல மனசு புரிகிறது, ஆனால் மரத்துக்கு அது கெடுதல். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் அறுபது சென்டிமீட்டருக்குள்ளேயே பரவியிருக்கும். அஸ்திவாரம் தோண்டினால் அவை அறுபடும். மேலே மண் கொட்டினால் மூச்சுத் திணறும். அடிமரத்தின் விட்டத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரம் வரை தோண்டக்கூடாது என்பது பிரிட்டிஷ் தரநிலை. ஒரு மீட்டர் விட்டம் என்றால் சுற்றிலும் பன்னிரண்டு மீட்டர். மேடைக்கு வைத்த பணத்தில் தாழ்வான வேலி போட்டு, உள்ளே மரச்சிராய் மூடாக்கு பரப்புங்கள். அடிமரத்தைத் தொடாமல், நாலு விரல் கனத்துக்கு. பாரம் அதிகமுள்ள கிளைகளை அனுபவசாலி ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கவாத்து செய்யட்டும். மொட்டையடிக்க மட்டும் விடாதீர்கள்.

இன்னொரு வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்: இந்த மரத்திலிருந்தே கன்று எடுத்து வையுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் 1954இல் நட்ட ‘நியூட்டன் ஆப்பிள் மரம்’ 2022 பிப்ரவரிப் புயலில் விழுந்தது. நியூட்டன் வீட்டு மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வந்த மரம் அது. வேரை அரிக்கும் தேன்காளான் ஏற்கெனவே பிடித்திருந்தது. பூங்காக்காரர்கள் அதற்கு முன்பே அதிலிருந்து ஒட்டுக்கன்று எடுத்து வைத்திருந்தார்கள். விதையில் முளைப்பது அந்த மரத்தின் பிள்ளை, ஒட்டில் வருவது அதே மரம். உங்கள் மரம் ஒட்டுக்குச் சரிப்படுமா, பதியனா (மரத்தோடு இருக்கும்போதே கிளையை வேர்விடச் செய்வது), போத்து (வெட்டிய கிளை) நட்டாலே வேர்விடுமா என்பது இனத்தைப் பொறுத்தது. தாவரவியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டுவிடுங்கள்.