கேள்வி – பதில்: ரப்பர் பாலுக்குள் ஓயாத நடுக்கம்

தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ரப்பர் பாலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். புள்ளிகள் ஒரே பக்கமாக ஓடின. பிறகு திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டன. இதுதான் பிரவுனியன் இயக்கமா?
– பிளஸ் டூ மாணவி, குலசேகரம்

இல்லை. எல்லாம் ஒரே பக்கம் போனால் அது வெறும் நீரோட்டம். கவர் ஸ்லிப் ஓரத்தில் தண்ணீர் ஆவியாவதாலோ விளக்குச் சூட்டாலோ வருவது. நான்கு ஓரத்தையும் வாஸ்லின் பூசி அடைத்துவிடுங்கள். நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் மோதுவதால் துகள்கள் ஓயாமல் நடுங்குவதுதான் பிரவுனியன் இயக்கம். அதில் அடுத்தடுத்த துகள்கள்கூட ஆளுக்கொரு திசையில் நடுங்கும்.

திட்டாவதற்குக் காரணம் வேறு. ரப்பர் துகளைச் சுற்றியுள்ள புரதப் படலத்தின் எதிர்மின்சுமைதான் துகள்களை ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் அந்தச் சுமையைக் குறைத்துவிடும். ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவதும் இதற்காகத்தான். ஆகவே சிரட்டையிலிருந்து எடுத்த உடனே அம்மோனியா கரைசல் சில சொட்டு விடுங்கள். கிணற்று நீரின் கால்சியமும் பாலைத் திரட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். 100 மி.லி. நீருக்கு ஒரு சொட்டுப் பால். 40 மடங்கு லென்ஸ் வைத்து, ஒளி வரும் துளையான டயாஃப்ரத்தைச் சுருக்கினால் துகள் தெளியும். ரப்பர் நீரைவிட லேசானது என்பதால் நேரமாக ஆக, கவர் ஸ்லிப்பின் அடிப்பக்கமாகத் தேடுங்கள்.

செல்போனில் வீடியோ எடுத்து அளக்கலாம். 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துகள் 30 டிகிரி நீரில் ஒரு திசையில் நொடிக்குச் சராசரியாக 1 மைக்ரான் நகரும். 4 நொடியில் 4 மைக்ரான் வராது, 2தான் வரும். தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரே துகளை வைத்து முடிவு செய்யாதீர்கள், பல துகள்களின் சராசரி வேண்டும்.

1908இல் விஞ்ஞானி விக்டர் ஹென்றி படம் பிடித்து அளந்ததும் ரப்பர் பாலைத்தான்! அவருடைய அளவுகள் இந்த நடுக்கத்துக்கு ஐன்ஸ்டைன் 1905இல் போட்ட கணக்கோடு ஒத்துவரவில்லை. பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரின், நம் குடம்புளி இனத்தைச் சேர்ந்த மரத்தின் பிசினிலிருந்து ஒரே அளவுத் துகள்களைப் பிரித்தெடுத்து அளந்தபோது கணக்கு பொருந்தியது. 1926இல் நோபல் பரிசும் கிடைத்தது. நீங்களும் ஒத்த அளவுத் துகள்களையே தேர்ந்தெடுங்கள்.

இந்த நடுக்கத்தால் இன்று என்ன பயன்?
– வாசகர், தக்கலை

கண்ணுக்கு எட்டாத துகளின் அளவை இதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளி மினுமினுக்கும். சிறு துகள் என்றால் மினுமினுப்பு வேகமாக இருக்கும். தடுப்பூசியின் கொழுப்பு நானோ துகள்களையும் இப்படித்தான் அளக்கிறார்கள். வெப்பநிலையைச் சரியாகக் கொடுக்க வேண்டும்: 25இலிருந்து 30 டிகிரிக்குப் போனாலே நீரின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) சுமார் 10 சதவீதம் குறைந்து, விடை பிசகும். தூசி அதைவிட மோசம். நானோ துகள்களில், விட்டம் 10 மடங்கானால் சிதறும் ஒளி ஏறக்குறைய 10 லட்சம் மடங்காகும். அதனால் கரைசலை வடிகட்டாமல் கருவியில் வைக்கக்கூடாது.