வாசகர் கேள்வி–பதில்: ஜப்பான் கொண்டாடிய லைன்மேன்

கேள்வி: தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க நிறுவனத்தின் மல்யுத்த நிகழ்ச்சி பார்த்து வளர்ந்தவன் நான். அதில் வேடர் என்றொரு பெருத்த உடம்புக்காரர் முகமூடியுடன் வருவார். பெரிய ஆட்டங்களில் தோற்றுப்போவார். அவர் ஜப்பானில் மாபெரும் நட்சத்திரம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? – ஒரு வாசகர், திண்டுக்கல்.

பதில்: முற்றிலும் உண்மை. வேடரின் இயற்பெயர் லியோன் வைட். 1955-இல் கலிபோர்னியாவில் பிறந்த அவர், கொலராடோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லைன்மேனாக ஆடினார். பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவருக்கும் எறிபவருக்கும் முன்னால் நின்று, எதிரணியினர் அவர்களை நெருங்கவிடாமல் மறித்துத் தள்ளுவதே அந்த இடத்தில் ஆடுபவரின் வேலை. ஆட்டம் முழுவதும் மோதிக்கொண்டே இருந்தாலும் அவர் பெயர் பார்வையாளர் காதில் அதிகம் விழுவதில்லை. 1978-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் முழங்கால் தசைநார் அறுந்ததால் கால்பந்து வாழ்க்கை தொடக்கத்திலேயே முடிந்துபோனது.

அதன்பின் அமெரிக்காவில் மல்யுத்தம் பழகி, ஐரோப்பாவிலும் ஆடிப் பெயர் பெற்ற நிலையில், 1987 டிசம்பர் 27 அன்று டோக்கியோவின் ரியோகோக்கு கொக்குகிகான் அரங்கில் நியூ ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்துக்காக முதன்முதலாக மேடையேறினார். நடிகர் தாக்கேஷி கித்தானோ முன்னின்று அறிமுகப்படுத்த, புகை கக்கும் பெரிய தலைக்கவசத்துடன் வந்த அந்தப் புதியவர், ஜப்பானியர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கியை மூன்று நிமிடத்துக்குள் வீழ்த்தினார். ரசிகர்கள் வெகுநாள் காத்திருந்த, இனோக்கியும் ரிக்கி சோஷு என்ற மற்றொரு நட்சத்திர வீரரும் மோதும் ஆட்டம் அன்றிரவு அரைகுறையாக முடிக்கப்பட்டிருந்ததால் கூட்டம் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்து கலவரம் செய்தார்கள். அந்த அரங்கின் கதவு நியூ ஜப்பானுக்குச் சில காலம் அடைபட்டது. வேடரின் பெயர் ஜப்பான் முழுவதும் பரவியது அந்தக் கோபத்தினால்தான்.

கேள்வி: மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதுதானே? அப்படியிருக்க, ஒரு வெற்றியைக் கொடுத்து யாரை வேண்டுமானாலும் நட்சத்திரம் ஆக்கிவிடலாம் அல்லவா? – ஒரு வாசகி, புதுச்சேரி.

பதில்: முடிவை எழுதிக் கொடுக்கலாம், மக்களின் நம்பிக்கையை எழுதிக் கொடுக்க முடியாது. இனோக்கியை வென்ற ஒரே ஓர் இரவோடு நின்றிருந்தால், வேடரும் ஒரு பருவத்து வேடிக்கையாக மறக்கப்பட்டிருப்பார் என்பதே என் எண்ணம். 1989 ஏப்ரலில் டோக்கியோ டோமில் நடந்த போட்டித்தொடரின் இறுதியில் ஷின்யா ஹாஷிமோத்தோவை வென்று, நியூ ஜப்பானின் தலையாய பட்டமான ஐ.டபிள்யூ.ஜி.பி. பட்டத்தைக் கைப்பற்றிய முதல் வெளிநாட்டவர் ஆனார். ஆனாலும் அவரைத் தங்களவராக ஜப்பானியர் கருதத் தொடங்கியது 1990 பிப்ரவரி 10 அன்றுதான் என்று சொல்வேன். அதே டோமில் அவருக்கு எதிரே நின்றவர் ஸ்டான் ஹேன்சன். அவரும் டெக்சாஸில் கல்லூரிக் கால்பந்து ஆடிய அமெரிக்கர், ஜப்பானில் புகழ் பெற்றவர். இருவரும் அடியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமில்லாதவர்கள். மோதலின் நடுவே வேடரின் வலது கண் குழியிலிருந்து வெளியே பிதுங்கியது. அவர் முகமூடியைக் கழற்றினார். விரலால் கண்ணை உள்ளே தள்ளினார். இமையை அழுத்தி மூடிக்கொண்டு தொடர்ந்து மோதினார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. யார் வெல்வார் என்று எவர் எழுதி வைத்திருந்தாலும், அந்தக் கண்ணை எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. வலியைத் தாங்கி நிற்பதையே வீரத்தின் அளவுகோலாகக் கொண்டிருந்த நியூ ஜப்பான் ரசிகர்களுக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. அந்த மனத்துணிவை வியக்கும் அதே வேளையில், காயம்பட்ட ஒருவரை மேடையிலிருந்து இறக்காமல் விட்ட அக்காலத்து வழக்கம் தவறானது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கேள்வி: கால்பந்துப் பயிற்சி அவருக்கு மல்யுத்தத்தில் எந்த வகையில் உதவியது? – கல்லூரி மாணவர் ஒருவர், கோவை.

பதில்: அவருடைய பழைய ஆட்டம் ஒன்றைப் பாருங்கள், விளங்கிவிடும். லைன்மேன் குனிந்து, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் நெஞ்சுக்குள் கையைக் கொடுத்து, கால் வலுவால் தள்ளுவார். எதிராளியை மூலைக்குத் தள்ளிச் சென்று, முன்கையால் குறுகிய வீச்சில் இடைவிடாமல் அறைவது வேடரின் முத்திரை. அதில் கால்பந்துக் களத்தின் உடல்மொழி அப்படியே தெரியும். இரண்டடி தூரத்துக்குள் முழு வேகத்தையும் திரட்டிவிடும் பழக்கம் அங்கிருந்து வந்ததே. சுமார் 200 கிலோ எடையுடன் மேல்கயிற்றிலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு எதிராளியின்மேல் விழும் வித்தையை மட்டும் எந்தக் கால்பந்துப் பயிற்சியும் கற்றுத்தந்திருக்க முடியாது.

திண்டுக்கல் வாசகர் பார்த்தது 1996 முதல் 1998 வரையிலான காலம். டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் அவருக்கு உலகப் பட்டம் எதையும் தரவில்லை. அங்கிருந்து விலகி மீண்டும் ஜப்பான் சென்ற வேடர், 43 வயதைக் கடந்த நிலையில், 1999-இல் ஆல் ஜப்பான் என்ற மற்றொரு மல்யுத்த நிறுவனத்தின் தலையாய பட்டமான மும்முடிப் பட்டத்தை இருமுறை வென்றார். 2018 ஜூனில் அவர் காலமானார், டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர் மாறிவிட்ட அந்தப் பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2022-இல்தான்.