வெங்காய வேரும் ஆல்பர்ட் லெவனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மனிதக் குரோமோசோம்கள் 46 என்று 1956-இல் சொன்ன சியோ, லெவன் இருவரைப் பற்றி வகுப்பில் பேசினேன். எண்ணியவர் சியோ, ஆனால் கட்டுரையில் தன் பெயர் முதலில் வரவேண்டும் என்று லெவன் கேட்டாராம். படித்ததும் மனம் கசந்துவிட்டது. அவரைப் பெரிய விஞ்ஞானி என்று மாணவர்களிடம் சொல்லலாமா? இவர்களுக்கு ஏன் நோபல் இல்லை? தமிழில் நீங்கள் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினால் என்ன?

பின்குறிப்பு: வெங்காய வேர்நுனி பிராக்டிகலில் ஒரு பையன் 14 குரோமோசோம்தான் தெரிகிறது என்று அடம்பிடித்தான். ரெக்கார்டு நோட்டில் 16 என்று எழுதவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ர.

அன்புள்ள ர.,

நோபலை விட்டுவிடுவோம். விருதை வைத்து ஆளை அளப்பதில் எனக்கு ஆர்வமில்லை. நூல் எழுதும் எண்ணமும் இப்போது இல்லை.

லெவனைப் பற்றிக் கேட்டீர்கள். 1905-இல் பிறந்த ஸ்வீடன்காரர், லுண்ட் பல்கலைக்கழகத்தில் வெங்காய இனச் செடிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். 1938-இல் வெங்காய வேரில் கோல்சிசின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி, பிரிந்துகொண்டிருக்கும் செல்லை அது பாதியில் நிறுத்திவிடுவதைக் காட்டினார். (அதே கோல்சிசினுக்காகத்தான் மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுகிறார்கள்.) வேதிப்பொருள் பட்ட வேர்ச் செல்களின் குழப்பம் புற்றுநோய்ச் செல்லில் காண்பதைப் போலவே இருந்தது. அது அவரைப் புற்றுநோய் ஆய்வுக்கு இழுத்துப் போனது. செடியில் பழகிய கையோடு மனிதச் செல்லுக்கு வந்தவர் அவர். 46 பிடிபட்டதற்கு அந்தக் கைப்பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

பெயர் விவகாரம் சியோவே பிற்காலத்தில் சொன்னதுதான். மூத்தவர் பெயரை முன்னால் போடுவது அந்தக் கால ஐரோப்பிய வழக்கம். வழக்கம் என்பதால் அது நியாயமாகிவிடாது. ஆனால் சியோ ஜாவாவில் பிறந்து, ஜப்பானியர் முகாமில் சிறைப்பட்டு மீண்டவர். ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறைகளில் லுண்ட் வந்து ஆய்வு செய்தவர். அவர் அசையவில்லை. கட்டுரை அவர் பெயரை முதலில் தாங்கித்தான் வந்தது. இதற்கு மேல் அதில் கசக்க ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பின்குறிப்புதான். சியோவும் லெவனும் எழுதிய அந்த 1956 கட்டுரையைச் சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குக் காரணம் அதில் வரும் ஒரு பத்தி. அதே லுண்டில் ஏவா ஹான்சன்-மெலாண்டர் என்ற பெண்மணி, இரண்டு சகாக்களோடு சேர்ந்து, முந்தைய வசந்தத்திலேயே மனிதக் கருவின் கல்லீரல் செல்களில் குரோமோசோம்களை எண்ணியிருக்கிறார். திரும்பத் திரும்ப 46 வந்திருக்கிறது. புத்தகங்களில் இருந்தபடி 48 இருக்கவேண்டுமே, மீதி இரண்டைக் காணோமே என்று ஆய்வையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இதை மறைக்காமல் சியோவும் லெவனும் தங்கள் கட்டுரையில் பதிந்திருக்கிறார்கள். லெவனைப் பெரிய விஞ்ஞானி என்று சொல்லலாமா என்று கேட்டீர்களே, அந்தப் பத்தியைப் படியுங்கள்.

48 எங்கிருந்து வந்தது? டெக்சாஸில் தியோஃபிலஸ் பெயின்டர் என்பவர், ஒரு மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களிடமிருந்து வெட்டி எடுத்த விந்தகத்தின் திசுவில் எண்ணினார். அந்த மனிதர்களுக்கு நேர்ந்ததைத் தனியாக ஒரு நாள் பேசவேண்டும். 1921-இல் அவரே, மிகத் தெளிவான செல்களில் 46தான் தெரிகிறது என்று எழுதினார். 1923-இல் 48 என்று முடித்துவிட்டார். அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல், எண்ணியவர்கள் பெரும்பாலும் 48-ஐத்தான் கண்டார்கள். 1952-இல் டி.சி. சூ என்ற ஆய்வாளர் உப்புச்செறிவு குறைந்த கரைசலில் செல்லை ஊதவைத்து, குரோமோசோம்களை அழகாகப் பிரித்துக் காட்டினார். அவ்வளவு தெளிவான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் 48 என்றே எழுதினார். இவர்கள் யாரும் மூடர்கள் இல்லை. புத்தகத்தில் இருந்த எண்ணுக்காகக் கண் பார்த்ததைத் தள்ளிவைத்தார்கள்.

நீங்களும் அதைத்தானே செய்திருக்கிறீர்கள்? அதையும் ஒரு சலிப்போடு, பின்குறிப்பாக! கோபம் வந்தது, மறைக்கமாட்டேன்.

என் பள்ளியில் தனி ஊசல் செய்முறையில் ஒருவனுக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.6 வந்தது. ஆசிரியர் பக்கத்தைக் கிழித்து, 9.8 வரும்படி எழுதி வா என்றார். நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறான், அவ்வளவுதான். அதை அவனாகவே கண்டுபிடித்திருப்பான், அந்த அளவுகள் கையில் இருந்திருந்தால். கிழித்த காகிதத்தோடு அதுவும் போயிற்று. வகுப்பில் யாருமே அப்புறம் தன் அளவை நம்பவில்லை. 9.8-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப்போட்டு அலைவு நேரத்தை எழுதினார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

வெங்காயத்துக்கு 16தான், அதில் சந்தேகமே இல்லை. பையன் பார்த்த செல்லில் இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்று கிடந்திருக்கலாம். மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடியை, கவர் ஸ்லிப்பை, அழுத்தியபோது செல் உடைந்து இரண்டு வெளியே போயிருக்கலாம். 14 என்ற எண் தவறாக இருக்கலாம், ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அவன் கையால் 16 என்று எழுதவைத்த அந்த வரிதான் பொய். இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கே இது மறந்துவிடுகிறது; உங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் திட்டு என்று வருத்தப்படாதீர்கள். லெவன் நேர்மையாக நடக்கவில்லையே என்று மனம் கசந்த ஒருவரிடம் சொன்னால்தான் இது போய்ச் சேரும் என்று தோன்றியது.

சியோவும் லெவனும் எவ்வளவு தயங்கி எழுதினார்கள் என்று பாருங்கள். மனிதனின் எண் 46 என்று பொதுவாகச் சொல்லிவிட விரும்பவில்லை, விந்துத் தாய்ச் செல்களிலும் கவனமாகச் சரிபார்க்கவேண்டும், ஆனாலும் நாங்கள் கண்டதற்கு இதுவே இயல்பான விளக்கம் என்கிறார்கள். அதே 1956-இல் இங்கிலாந்தில் ஃபோர்டு, ஹாமர்டன் என்ற இருவர் விந்தகச் செல்களில் பார்த்து உறுதிசெய்தார்கள்.

அந்தப் பையனைக் கூப்பிடுங்கள். ரெக்கார்டில் அவன் பார்த்த செல்லை அப்படியே வரையட்டும், கீழே 14 என்று எழுதட்டும். அப்புறம் புதிதாக நான்கைந்து ஸ்லைடு போடச் சொல்லி, ஒவ்வொன்றிலும் வந்த எண்ணையும் அதனடியில் வரிசையாக எழுதவையுங்கள். தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். ஏவா ஹான்சன்-மெலாண்டர் பற்றியும் அவனிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.